ஓடுகிறவர்கள் ‘ஃபுல் செக்கப்’ செய்யப் போகுமுன் இதை ஒருக்கா வாசியுங்கள்

யாழ்ப்பாண நகரத்துக்குள் உள்ள ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். பெயர் போடவில்லை. இதே மாதிரி எங்கும் நடக்கலாம், ஆகவே நடந்த விதத்தைக் கவனியுங்கள். காசு போனது ஒரு பக்கம். தேவையில்லாத குளிசையை ஐந்து நாள் போட்டு, ஒரு விடியற்காலை கண் இருட்டி அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அதுதான் என்னை எழுத வைக்கிறது.

எனக்கு 43 வயது. பள்ளிக்கூடத்தில் 1500 மீற்றர் ஓடியவள். பிள்ளைகள் பிறந்த பிறகு விட்டுப்போனதை ஐந்து வருடமாகத் திரும்பப் பிடித்திருக்கிறேன். கிழமையில் நான்கு நாள், வெயில் ஏறுவதற்கு முன் பண்ணையில் தொடங்கி மண்டைதீவுச் சந்தி வரை ஓடித் திரும்புவேன். வேலைக்கும் சைக்கிள்தான். ஒரு வருத்தமும் இல்லை. “நாற்பது தாண்டீட்டுது, ஒருக்கா எல்லாத்தையும் பார் அக்கா” என்று கனடாவிலிருந்து தங்கச்சி காசு அனுப்பினாள். அதனால்தான் போனேன். முழுப் பரிசோதனைக்கு 18,500 ரூபாய்.

காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். வயிற்று ஸ்கான் இருப்பதால் ஒரு லீற்றர் தண்ணீர் குடித்துவிட்டுச் சிறுநீர் கழிக்காமல் வர வேண்டும். லிஃப்ட் வேலை செய்யவில்லை, மூன்றாம் மாடிக்குப் படியேறினேன். ஸ்கான் டொக்டர் பத்து மணியாகியும் வரவில்லை. அடிவயிறு வெடிக்கிற மாதிரி இருந்தது. அந்த நேரத்தில்தான் ஒரு நேர்ஸ் பிள்ளை வந்து, “அக்கா, சும்மா இருக்கிற நேரம் பிரஷரைப் பார்ப்பம்” என்று கூப்பிட்டாள்.

சாய்மானம் இல்லாத ஸ்டூல். சுரிதார்க் கைக்கு மேலேயே பட்டியைச் சுற்றினாள். வலது கை பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டி காற்றேறி இறுகும்போதே வயது, பிள்ளைகள், அம்மாவுக்குச் சீனி வருத்தம் உண்டா என்று கேட்டுக் கேட்டுத் தாளில் எழுதினாள். நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மெஷின் 148/92 காட்டியது. “ஐயோ அக்கா, உங்களுக்குப் பிரஷர் எல்லே!” என்றாள். இரண்டாம் தரம் பார்க்கவில்லை.

பக்கத்து ஸ்டூலில் இருபது, இருபத்தொரு வயதுப் பெடியன் ஒருவன், உதைபந்தாட்ட ஜேர்சியோடு. வெளிநாட்டு வேலைக்கு மருத்துவச் சான்று எடுக்க வந்தவன். அவனுடைய நாடி 46 என்று சொன்னது எனக்குக் கேட்டது. பாவம், முகம் செத்துப்போயிற்று.

ஸ்கான் முடிந்து, ஒருவழியாகக் கழிப்பறைக்கும் போய் வந்தபின் ஈசிஜி எடுத்தார்கள். தாளின் மேல் மூலையில் மெஷின் தானே அச்சடித்திருந்தது: நிமிடத்துக்கு 49, சைனஸ் பிராடிகார்டியா. அதற்கு ‘மெதுவான நாடி’ என்பதுதான் அர்த்தம், நாடி 60-க்குக் கீழே போனாலே பல ஈசிஜி மெஷின்கள் அந்தச் சொல்லை அச்சடிக்கும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. இதய நோயின் பெயர் என்றே நினைத்தேன்.

டொக்டர் இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. பிரஷர் கூட, நாடி குறைவு, இதயத்தின் கரண்ட் ஓட்டத்தில் கோளாறு இருக்கலாம் என்றார். நான் ஓடுகிறவள் என்று சொன்னேன். “இந்த வயதில ஏன் ஓடுறீங்கள், நிப்பாட்டுங்கோ” என்றார். எத்தனை வருடமாக, எவ்வளவு தூரம், தலைசுற்று வருமா, எப்போதாவது மயங்கி விழுந்தீர்களா என்று ஒன்றும் கேட்கவில்லை. எக்கோ (இதய ஸ்கான்), 24 மணித்தியாலம் உடம்போடு மாட்டி ஈசிஜி பதியும் ஹோல்டர், இன்னும் சில இரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய், இன்றைக்கே பதிந்தால் 35,000 என்று வெளியே மேசையில் இருந்தவர் சொன்னார். பயத்தில் 10,000 முற்பணம் கட்டினேன். துண்டில் எழுதியிருந்த குளிசையைக் கீழே அவர்களுடைய பாமசியிலேயே வாங்கினேன். அட்டெனோலோல் 50 மில்லிகிராம், தினமும் காலையில் ஒன்று.

விசயம் இந்தக் குளிசையில்தான் இருக்கிறது. அட்டெனோலோல் பிரஷரை இறக்குவதோடு நாடியையும் மெதுவாக்கும். அது அந்த மருந்தின் வேலையே. நாடி 49 என்று பயங்காட்டிய அதே கை, நாடியை இன்னும் குறைக்கும் குளிசையை எழுதிக் கொடுத்திருக்கிறது. ஒருவர் தாளை நிதானமாக வாசித்திருந்தால் போதும், இது நடந்திருக்காது.

இரண்டாம் நாளே கால் கனத்தது. வீட்டுப் படியேற மூச்சு முட்டியது. ஓட்டத்தை அவர்கள் சொன்னபடி நிறுத்தியிருந்தேன், சைக்கிளும் மிதிக்க முடியவில்லை. வருத்தம் முற்றிவிட்டது என்றே எண்ணினேன். ஐந்தாம் நாள் விடிய எழும்பியதும் கண் இருட்டியது. அலுமாரியைப் பிடித்தபடி கட்டிலில் இருந்து, மணிக்கட்டில் விரல் வைத்துச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு 38.

அன்று பின்னேரம் என் கணவர் எங்கள் குடும்ப டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த டொக்டர் என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். கதிரையில் சாய்ந்து இருக்கச் சொல்லி, கால் இரண்டையும் நிலத்தில் வைக்கச் சொல்லி, “இப்ப ஒண்டும் கதைக்காதை பிள்ளை” என்று மின்விசிறியைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் விட்டார். பிறகு சட்டைக் கையை ஏற்றி வெறும் கையில் பட்டியைச் சுற்றி, கையை மேசையில் நெஞ்சு மட்டத்துக்கு வைத்துப் பார்த்தார். ஒரு நிமிடம் கழித்துத் திரும்பவும். மற்றக் கையிலும். 102/64. நாடி 41.

பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் விரித்து வைத்து, அன்றைக்கு எப்படிப் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சிறுநீர் முட்டியபடி இருந்ததைச் சொன்னதும் பேனையைக் கீழே வைத்துவிட்டார். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலே பிரஷரின் மேல் எண் (148/92 என்றால் 148) பத்துப் புள்ளியளவில் ஏறும். கை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே பத்து சென்ரிமீற்றர் தொங்கினால் இன்னொரு ஏழெட்டு. பேச்சுக் கொடுத்தால், முதுகுக்குச் சாய்மானம் இல்லாவிட்டால், கால்மேல் கால் போட்டால், சின்னப் பட்டியைப் பெரிய கையில் சுற்றினால், ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஏற்றும். தேத்தண்ணி, கோப்பி, சிகரெட், உடற்பயிற்சி எதுவும் அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் இருக்கக் கூடாது. ஓட்டத்தின் நடுவே மேல் எண் 180, 200 வரை போவது இயல்பு. ஓடி முடித்துச் சில மணித்தியாலத்துக்கு வழமையைவிடக் குறைந்தும் நிற்கும். ஆகவே எந்த நேரம், எந்த நிலையில் என்று தெரியாத ஒற்றை எண்ணை வைத்து ஆளுக்கு வருத்தப் பெயர் வைக்க முடியாது.

நாடிக் கதைக்கு வந்தபோது அவர் சொன்னது இது. “உங்கட தாத்தா தோட்டத்துக்குத் துலாவில இறைச்சவர் எல்லே? சின்ன வாளியால எழுபது தரம் இறைக்கிறதும், பெரிய பட்டையால ஐம்பது தரம் இறைக்கிறதும் வாய்க்காலுக்கு ஒரே தண்ணிதான்.” சும்மா இருக்கும்போது உடம்புக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐந்து லீற்றர் இரத்தம் வேண்டும். ஒரு துடிப்புக்கு 70 மில்லிலீற்றர் தள்ளும் இதயம் எழுபது தரம் துடிக்க வேண்டும். வருடக்கணக்கில் ஓடிப் பழகிய இதயத்தின் இடது அறை கொஞ்சம் விரிந்து, ஒரு துடிப்புக்கு 100 தள்ளினால் ஐம்பது தரம் போதும். அதோடு இதயத்தை அமைதிப்படுத்தும் நரம்பின் பிடியும் கூடிவிடும். பெரியவர்களுக்கு ஓய்வு நாடி 60 முதல் 100 என்பது பொதுக்கணக்கு. நன்றாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு 40-களிலும் 50-களிலும் இருப்பது சாதாரணம். விளையாட்டு வீரர்களின் ஈசிஜியை வாசிப்பதற்கு 2017-இல் வந்த சர்வதேச வழிகாட்டல், வேறு குறை இல்லாவிட்டால் 30 வரை இறங்கிய சைனஸ் நாடியையும் (இதயத்தின் இயல்பான இடத்திலிருந்தே தொடங்கும் துடிப்பு) இயல்பு என்றே கொள்கிறது.

ஆனாலும் அவர் அதோடு என்னை அனுப்பிவிடவில்லை. தைரொயிட் குறைந்தாலும் நாடி மெதுவாகும் என்று அதற்கு இரத்தம் எடுத்தார். குளிசையைப் பாதியாக்கி இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்தச் சொன்னார். “நான் சொல்லி நிப்பாட்டுறாய். நீயா நிப்பாட்டக் கூடாது” என்றும் சொன்னார். இந்த வகைக் குளிசையைத் திடீரென்று விட்டால், முக்கியமாக இதய வருத்தம் உள்ளவர்களுக்கு, ஆபத்து வரலாம். வாசிக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

குளிசை விட்டபின் மாமாவிடம் மேற்கை மெஷினை இரவல் வாங்கி ஏழு நாள் காலையும் மாலையும் இரண்டிரண்டு தரம் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மிச்சத்தின் சராசரி: 117/74. வீட்டில் பார்க்கும்போது சராசரி 135/85-க்கு மேலே போனால்தான் உயர் அழுத்தம் என்று பெரும்பாலும் கணக்கெடுப்பார்கள். கிளினிக்கில் பார்க்கும்போது அது 140/90. அமெரிக்காவில் 2017-இலிருந்து 130/80 என்று இறக்கியிருக்கிறார்கள். எதை எடுத்தாலும் எனக்குப் பிரஷர் இல்லை. தைரொயிட்டும் சரி. இரண்டாம் முறை போனபோது நாடி 50. வாசற்படியில் வேகமாக இருபது தரம் ஏறி இறங்கச் சொல்லி உடனே எண்ணினார், 104. வேலை கொடுத்தால் நாடி ஏறுகிறது, வேலை முடிய இறங்குகிறது. “போ, நாளைக்கே ஓடு” என்றார். வெளியே வந்து கேற்றைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

முற்பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். மேசைக்காரர் தந்த பதில், “மெஷின் பொய் சொல்லாது அக்கா, உங்கட நன்மைக்குத்தானே.” காசு வரவில்லை. பில், ஈசிஜி, மருந்துத் துண்டு எல்லாவற்றையும் பிரதி எடுத்து, தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவுசெய்யும் 2006-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உள்ள ஒழுங்குபடுத்தல் பேரவைக்கு முறைப்பாடு எழுதிப் பதிவுத் தபாலில் போட்டிருக்கிறேன். நீங்களும் எங்கே போனாலும் எந்தத் துண்டையும் எறியாதீர்கள்.

இதை வாசித்துவிட்டு யாரும் நான் ஓடுகிறவன், எனக்கு ஒன்றும் வராது என்று இருந்துவிட வேண்டாம். என் அண்ணா ஒவ்வொரு நாளும் பட்மின்ரன் விளையாடுகிறவர், உடம்பும் கட்டு. நான் இரவல் வாங்கிய அதே மெஷினில் சும்மா பார்த்தவருக்கு 156/98. முறைப்படி ஒரு கிழமை பார்த்தும் இறங்கவில்லை. அவருக்கு உண்மையாகவே இருந்திருக்கிறது. கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் இல்லாமல் சோறு இறங்காத மனுசன். இப்போது குளிசை போடுகிறார், விளையாட்டையும் விடவில்லை. அவருடைய குளிசை நாடியில் கை வைக்காத வகை. விளையாடுகிறவர் என்று டொக்டரிடம் முதலே சொல்லியிருந்தார்.

நாடி குறைவாக இருப்பதோடு தலைசுற்று, மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சு நோ ஏதாவது இருந்தால் அது ஓட்டக்காரர் நாடி என்று வீட்டில் இருக்கக் கூடாது. மயங்கி விழுந்தாலோ நெஞ்சு நொந்தாலோ 1990-க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். எனக்குக் கண் இருட்டிய அன்று நானும் பின்னேரம் வரை பார்த்துக்கொண்டிருந்திருக்கக் கூடாது. மற்றும்படி பிரஷரும் சீனியும் பார்க்க 18,500 ரூபாய் தேவையே இல்லை. 35 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் பார்க்கிறார்கள். எங்கே பார்த்தாலும் ஐந்து நிமிடம் இருக்க விடச் சொல்லுங்கள், இரண்டாம் தரம் பார்க்கச் சொல்லுங்கள். கேட்டால் கோவிப்பார்கள் என்று கூச்சப்பட்டு நான் வாய் திறக்கவில்லை.

கடைசியாக, அந்த ஜேர்சி போட்ட தம்பிக்கு. நான் பில் கட்ட நிற்கும்போது நீரும் அதே மண்ணிற உறையோடு, அதே பாமசிப் பையோடு படியிறங்கிப் போனதைப் பார்த்தேன். பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அட்டெனோலோல் என்று எழுதியிருந்தால் நீராக நிறுத்த வேண்டாம், ஆனால் நாளைக்கே அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கோ தெரிந்த ஒரு டொக்டரிடமோ போம். பந்தடிக்கிறனான் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லும். இந்தத் தம்பியைத் தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து அவனிடம் காட்டுங்கள்.