ரியல் இயர் மெஷர்மென்ட் மெஷின்: ஃபிட்டிங் வேலை பாக்குறவங்க யூஸ் பண்ணி பாத்த ரிவ்யூ

ஹியரிங் எய்ட் ஃபிட்டிங் வேலை பாக்குறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன், ஆனா காது மெஷின் வாங்கப் போறவங்களும் படிங்க, ஏன்னா நீங்க போற இடத்துல இந்த அளக்குற மெஷின் இருக்கா, இருந்தா உங்களுக்கு போட்டு பாப்பாங்களான்னு தாராளமா கேக்கலாம். நான் யூஸ் பண்றது ஸ்பீக்கர், எய்ட மட்டும் உள்ள வச்சு அளக்குற டெஸ்ட் பாக்ஸ் எல்லாம் சேர்ந்து வர்ற டேபிள் மேல வைக்கிற டைப். இது இல்லாம ஒருத்தருக்கு ஃபிட்டிங் முடிச்சு அனுப்ப எனக்கு இப்பல்லாம் மனசே வராது.

வேலை என்னன்னா, மெல்லிசான சிலிக்கான் ட்யூப் ஒண்ண காதுக்குள்ள விட்டு ஜவ்வுக்கு கிட்ட கொண்டுபோய் நிறுத்துவோம், அதுக்கு மேலயே ஹியரிங் எய்ட மாட்டிட்டு எதிர்ல இருக்குற ஸ்பீக்கர்ல பேச்சு சத்தம் விட்டா, எய்ட்ல இருந்து கெளம்பி ஜவ்வு கிட்ட நெஜமா எத்தன டெசிபல் போய் சேருதுன்னு ஸ்கிரீன்ல கோடா வந்து நிக்கும். அவ்ளோதான். ஆனா அந்த ஒரு கோடு சொல்றத வேற எதுவும் சொல்லாது.

கம்பெனி சாஃப்ட்வேர்ல ஆடியோகிராம (எவ்ளோ கேக்குதுன்னு டெஸ்ட் பண்ணி எடுத்த கிராஃப்) போட்டு ஃபர்ஸ்ட் ஃபிட் பட்டன அமுக்குனா அதுவே எல்லாத்தையும் செட் பண்ணிடுதே, டார்கெட்டும் (காதுக்குள்ள போய் சேர வேண்டிய சத்த அளவு) மேட்ச் ஆனதா காட்டுதேன்னு நெறைய பேர் கேக்குறாங்க. அது காட்டுறது கணக்கு போட்ட காத, முன்னாடி உக்காந்திருக்குறவரோட காத இல்ல. ஒருத்தர் காது ஓட்டை சின்னதா இருக்கும், அதே சத்தம் அங்க ஏறி நிக்கும், இன்னொருத்தருக்கு பெருசு, அங்க கொறையும். பெரியவங்க காது எதுவும் போடாம சும்மா இருக்கும்போதே 2700 ஹெர்ட்ஸ் பக்கத்துல சத்தத்த தானாவே 15 டெசிபலுக்கும் மேல தூக்கி குடுக்கும், டோம (எய்ட் முனைல மாட்டுற ரப்பர் மூடி) போட்டு அடைச்ச உடனே அந்த இயற்கையான தூக்கல்ல ஒரு பங்கு போயிடும். இதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறுற விஷயம், சராசரிய வச்சு எப்படி சொல்ல முடியும். சாஃப்ட்வேர் ஓகே சொன்ன எய்ட காதுல மாட்டி அளந்தா ஹை ஃப்ரீக்வென்சில 10 டெசிபல் கொறஞ்சு கெடக்குறது ரொம்ப சாதாரணம், அதும் பேச்ச புரிஞ்சுக்கறதுக்கு எது முக்கியமோ அந்த எடத்துலயே கொறையும்.

"சத்தம் கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னுதான் புரியல." இந்த வேலைல இத கேக்காத நாளே கெடையாது. வயசானதால காது கேக்கறது கொறையும்போது முதல்ல போறது மேல் ஃப்ரீக்வென்சி, உயிரெழுத்து சத்தமெல்லாம் நல்லா கேக்கும், ச, த, ப மாதிரி மெல்லிசா வந்து போறது நழுவிடும், அதனால சட்டை எது கட்டை எதுன்னு தெரியாம ஆளுங்க முகத்த பாத்து ஊகிச்சுட்டு உக்காந்திருப்பாங்க. வேற எடத்துல வாங்குன எய்டோட ஒரு பெரியவர் மகள கூட்டிட்டு வந்தார், எய்ட் நல்ல எய்டுதான், ஆனா வீட்டுல டிராயர்ல போட்டு வச்சுட்டாராம். ட்யூப விட்டு, மகள நேரா உக்கார வச்சு வழக்கமா பேசுற மாதிரி பேச சொன்னேன், லைவ் ஸ்பீச் மோட்ல அவங்க குரலே ஸ்கிரீன்ல பட்டையா ஓடுது, 2000 ஹெர்ட்ஸ் வரைக்கும் அப்பாவுக்கு கேக்க ஆரம்பிக்கற அளவ காட்டுற கோட்டுக்கு மேல இருக்கு, அதத் தாண்டுனதும் பட்ட முழுசா கோட்டுக்கு கீழ போயிடுது. மக பேச்ச நிறுத்திட்டு ஸ்கிரீனையே பாத்தாங்க, "அப்ப அப்பா வேணும்னு பேசாம இல்லையா"ன்னு கேட்டாங்க. 3000, 4000ல கெயின (எய்ட் சத்தத்த கூட்டி குடுக்குற அளவ) ஏத்தி மறுபடி அளந்தோம், பட்ட மேல வந்துச்சு. அவருக்கு அன்னைக்கே எல்லாம் சரியாகிடல, மூளை பழகணும், ஆனா எய்டு மேல வந்த கோவம் அன்னைக்கே போச்சு. எவ்ளோ வாயால வெளக்குனாலும் வராதது அந்தப் பட்டைய பாத்தா வரும், இந்த மெஷின்ல எனக்கு ரொம்ப பிடிச்சதும் இதான்.

டெஸ்ட் சத்தத்துக்கு ஐஎஸ்டிஎஸ்னு ஒரு சிக்னல் உள்ளயே இருக்கும். 6 பெண்கள் 6 மொழியில பேசுனத துண்டு துண்டா வெட்டி கலந்து வச்சது, பேச்சோட ஏத்த எறக்கம், இடைவெளி எல்லாம் அப்படியே இருக்கும், அர்த்தம் மட்டும் இருக்காது. இது என்ன பாஷைன்னு எல்லாரும் கேப்பாங்க, முன்னாடியே சொல்லிடுங்க, இல்லாட்டி புரியலயேன்னு பயந்து போய் உக்காந்திருப்பாங்க. மெதுவான பேச்சுக்கு 50 இல்லன்னா 55 டெசிபல், சாதாரண பேச்சுக்கு 65, சத்தமா பேசுறதுக்கு 75 இல்லன்னா 80ன்னு மூணு லெவல்லயும் அளக்கணும், 65ல மட்டும் பாத்துட்டு முடிக்கறவங்க இருக்காங்க, அது பாதி வேலை. அப்பறம் அதிகபட்ச சத்தம் எவ்ளோ போகுதுன்னு டோன் ஓட்டி பாக்கணும், கதவு படார்னு அடிச்சா காது வலிக்குதுன்னு எய்ட கழட்டி வைக்கறவங்க பிரச்சனைய பாதிக்கு மேல இதுலயே புடிச்சிடலாம். டார்கெட்ட கணக்கு போடுற ஃபார்முலாவுக்கு பெரியவங்கன்னா என்ஏஎல்-என்எல்2, கொழந்தைங்கன்னா டிஎஸ்எல்தான் நான் வைக்கிறது.

கொழந்தைங்கள பத்தி தனியா சொல்லணும். கைக்கொழந்தை காது ஓட்ட ரொம்ப சின்னது, பெரியவங்களுக்கு வைக்கிற அதே செட்டிங்ல அங்க சத்தம் நெறைய டெசிபல் அதிகமா போய் நிக்கும், கூடுதலா இருக்குன்னு சொல்ல அதுக்கு வாயும் இல்ல. ஸ்பீக்கர் முன்னாடி ஆடாம உக்காருன்னு சொல்லவும் முடியாது. அதுக்குத்தான் ஆர்ஈசிடி, அதாவது அந்தக் காதுல நிக்குற சத்தத்துக்கும் டெஸ்ட் பாக்ஸ்ல அளக்குற சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம், கொழந்தை தூங்கும்போதோ அம்மா மடியில இருக்கும்போதோ டக்குன்னு ஒரு அளவு எடுத்துட்டா போதும், மிச்சத்த எல்லாம் டெஸ்ட் பாக்ஸ்ல எய்ட மட்டும் வச்சு செட் பண்ணிக்கலாம். காது அச்சுல செஞ்ச மோல்டு மாத்தும்போதெல்லாம் திரும்ப எடுக்கணும், காது வளந்துட்டே இருக்கும்ல. கொழந்தைங்கள பாக்குற எடத்துல இந்த வசதி இல்லன்னா அங்க போகாதீங்கன்னே சொல்லுவேன்.

டெஸ்ட் பாக்ஸ் பெரியவங்களுக்கும் தெனம் ஒதவுது. சவுண்ட் கம்மியாயிடுச்சுன்னு வர்ற எய்ட பாக்ஸ்ல போட்டா கொறஞ்சது நெஜமா, எவ்ளோன்னு உடனே தெரியும், பல நேரம் குறும்பி உள்ள போகாம தடுக்குற வேக்ஸ் கார்டு அடைச்சிருக்கும், மாத்திட்டு மறுபடி ஓட்டுனா கோடு பழைய எடத்துக்கு வந்துடும். எய்ட் நல்லா இருந்தும் அவங்களுக்கு கொறவா கேக்குதுன்னா திரும்ப ஆடியோகிராம் எடுக்கணும், ஓரிரு நாள்ல திடீர்னு கொறஞ்சிருந்தா எய்ட தொடாம உடனே ஈஎன்டி டாக்டர்கிட்ட அனுப்பணும், அதுல தாமதம் கூடவே கூடாது.

கொறைகளும் இருக்கு. ட்யூப் விடுறது கை பழகுற வரைக்கும் கஷ்டம், பெண்களுக்கு 28 மில்லிமீட்டர், ஆண்களுக்கு 30 கிட்டன்னு ட்யூப்ல இருக்குற மார்க்கர நகத்தி வச்சுட்டுதான் உள்ள விடணும், ஆழம் பத்தலன்னா ஹை ஃப்ரீக்வென்சில இல்லாத கொறவ காட்டும், அதிகமாயிட்டா ஜவ்வுல பட்டு ஆள் துள்ளிடுவாங்க, சிலருக்கு காத தொட்டாலே இருமல் வரும். முன்னாடி காதுக்குள்ள பாக்குற ஒட்டோஸ்கோப்ல பாக்காம விட்டா ட்யூப் முனைல குறும்பி ஏறி கோடு தப்பா விழும். ஓப்பன் டோம் போடுறவங்களுக்கு ஒரு செட்டிங் மாத்தணும், எய்ட் சத்தம் காதுல இருந்து கசிஞ்சு ஸ்பீக்கர் சத்தத்த கவனிக்க வெளிய இருக்குற ரெஃபரன்ஸ் மைக்குக்கு போய் மெஷின் ஸ்பீக்கர தானா கொறச்சிடும், அதனால ஸ்டோர்டு ஈக்வலைசேஷன்ங்கற செட்டிங்ல எய்ட ம்யூட் பண்ணி ஸ்பீக்கர் சத்தத்த முதல்ல அளந்துக்கணும். என்னோட மெஷின்ல இந்த ஆப்ஷன் மெனுக்குள்ள மெனுவா எங்கயோ ஒளிஞ்சிருக்கு, இவ்ளோ முக்கியமானத முதல் ஸ்கிரீன்லயே வச்சிருக்கணும்.

ஆட்டோ ஃபிட்னு ஒண்ணு வருது, எய்ட் சாஃப்ட்வேரும் இந்த மெஷினும் தாங்களே பேசி கெயின மாத்திக்கும். டைம் மிச்சம்தான், ஆனா ட்யூப் தப்பா இருந்தா தப்புக்கேத்த மாதிரி மாத்தி வச்சிடும், முடிஞ்சதும் நீங்களே ஒருதடவ கோட்ட பாருங்க. டார்கெட்ல கரெக்டா உக்காந்தா வேல முடிஞ்சதுன்னும் நெனைக்க வேணாம், தன் குரலே பானைக்குள்ள பேசுற மாதிரி இருக்குன்னு சொன்னா வென்ட்ட (காத்து போற சின்ன ஓட்டைய) பெருசாக்கணும், புதுசா போடுறவங்களுக்கு கூர்மையா இருக்குன்னா கொஞ்சம் கொறச்சு ஆரம்பிச்சு வாரம் போகப்போக ஏத்தணும். அளவு ஆரம்பிக்கற எடம், மிச்சத்த அவங்க வாயால கேக்கணும்.

சர்வீஸ்தான் என்ன ரொம்ப வருத்தப்பட வச்சது. கேலிப்ரேஷனுக்கு (மெஷின் சரியா அளக்குதான்னு சரிபாக்க) அனுப்புனா எப்ப வரும்னு பதில் இல்ல, அதுவரைக்கும் வர்றவங்க காத்திருக்கணும், மைக் கேபிள் மடங்குற எடத்துல உள்ள அறுந்து தனியா வாங்க வேண்டியதாப் போச்சு. வாங்கறதுக்கு முன்னாடி டெமோல கோட்ட மட்டும் பாக்காம, கேலிப்ரேஷன் நேரத்துல மாத்து மெஷின் தருவீங்களா, ப்ரோப் ட்யூப் எப்பவும் ஸ்டாக் இருக்குமான்னு எழுத்துல வாங்கிக்கங்க, ட்யூப் ஆளுக்கு ஒண்ணு, ஒருதடவதான். வெளிய போய் ஃபிட்டிங் பண்றவங்களுக்கு லேப்டாப்ல சொருகுற சின்ன டைப் போதும், கொழந்தைங்களும் வருவாங்கன்னா டெஸ்ட் பாக்ஸோட வர்றதயே எடுங்க.