சமையல் மேடைக்குக் கிரானைட்டா, பளிங்கா?

சமையல் மேடைக்குக் கல் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது இவ்விரண்டுக்கும் இடையே சில வாரங்கள் தடுமாறி, கடைசியில் கிரானைட்டைப் பதித்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும். அழகில் மட்டும் என் வாக்கு இன்றும் பளிங்குக்குத்தான். ஒளி மேற்பரப்பைத் தாண்டிச் சற்று உள்ளே சென்று சிதறித் திரும்புவதால் அதற்குக் கிடைக்கும் மென்பொலிவு கிரானைட்டில் வாய்ப்பதில்லை. எடையிலும் பதிக்கும் முறையிலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

தீர்மானித்தது பராமரிப்பு. நிலத்தடியில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகியதால் உருவான கிரானைட்டில் ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்னும் கனிமங்கள் மிகுந்திருக்கின்றன. எண் கூடக் கூடக் கடினம் கூடும் மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் முன்னது 6, பின்னது 7. சுண்ணாம்புக்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிப் பளிங்காகிறது. அதன் முதன்மைக் கனிமமான கால்சைட்டுக்கு அந்த அளவுகோலில் 3 தான் என்பதால் சாதாரண எஃகுக் கத்தியே கீறிவிடும்.

கீறலையாவது பொறுத்துக்கொள்ளலாம். கால்சைட் என்பது கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் அது கரியமில வாயுவை வெளியிட்டுக் கரையத் தொடங்கும், உடனே துடைத்தாலும் மெருகிழந்த மங்கல் தடம் நின்றுவிடும். அதைக் கறை என்று எண்ணித் தேய்ப்பவர்கள் உண்டு. ஆனால் அங்கே அரிக்கப்பட்டிருப்பது கல்லே என்பதால், மீண்டும் மெருகேற்றுவதைத் தவிர வழியில்லை. நுண்துளைகளில் ஊறி அடைக்கும் சீலர், எண்ணெய் இறங்குவதைத் தாமதப்படுத்துமே அன்றி, இந்த அரிப்பைத் தடுக்காது. கிரானைட்டின் சிலிகேட் கனிமங்களை இந்த அமிலங்கள் அசைப்பதில்லை. அதற்கும் குறை உண்டு: வெளிர்நிறப் பலகைகள் எண்ணெயை உறிஞ்சிக் கறுக்கும், அவற்றுக்குச் சீலர் தேவை.

பளிங்குடன் எனக்குள்ள பழக்கம் தரையளவில்தான். மேடையில் வைத்துப் புழங்கியதில்லை. மெருகேற்றாத பளிங்கில் தடங்கள் அவ்வளவாகத் தெரிவதில்லை என்று அதை வைத்திருப்பவர்கள் சொல்வதை மறுக்க என்னிடம் அனுபவம் இல்லை.

வணிகப் பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. கறுப்புக் கிரானைட் என விற்கப்படுபவற்றில் பல, பாறையியலின்படி காப்ரோ அல்லது டோலரைட் என்னும் வேறு பாறைகள். பச்சைப் பளிங்கு என்பவற்றில் பல செர்பென்டைன் பாறை, அதன் வெண்ணிற நரம்புகள் கால்சைட்டாக இருந்தால் அவை மட்டும் அமிலத்தால் அரிக்கப்படும். எனவே மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, மெருகேறிய முகத்தில் சில துளி வினிகரை இரவு முழுவதும் விட்டுவைத்து, காலையில் கழுவிச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள்.