இடுப்புக் கூடை: நாலு சீசன் கட்டிய பிறகு

ஃப்ளை தூண்டில்காரர்கள் (இறகு, மயிர் கட்டிய போலி இரையை எறிந்து மீன் பிடிப்பவர்கள்) இழுத்த லைன் விழுவதற்காக இடுப்பில் கட்டும் லைன் கூடை இப்போது பாதி விலைக்குக் கிடைக்கிறதாம், வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். போன வாரம்தான் அதன் பெல்ட்டை மூன்றாவது தடவையாக ஊசிநூல் கொண்டு தைத்து முடித்தேன். அதனால் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

நான் நிற்பது இங்கிலாந்தின் டெவனில், டீன் ஆற்றின் கழிமுகத்தில், ஷால்டன் பாலத்துக்கு மேலே. இங்கே பாஸ் என்னும் கடல் மீனின் குஞ்சுகள் வளர்வதால் வருடத்தில் பெரும்பகுதி படகிலிருந்து பாஸ் பிடிக்கத் தடை உண்டு. ஆக, செஞ்சேற்றில் கால் புதைய நீருக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். கூடை இல்லாத காலத்தில் இழுத்த லைன் முழுக்கக் காலடியில் மிதக்கும், கடல் ஏற்றத்து ஓட்டம் அதைக் கொண்டுபோய்க் கொப்புளப் பாசியில் சுற்றிவிடும், அடுத்த எறி பாதி வழியில் சடக்கென்று நின்றுவிடும். கூடை வந்த அன்றே அந்தத் தொல்லை போயிற்று. அடியில் நட்டுக்கொண்டு நிற்கும் கூம்புகள் லைன் சுருள்களைச் சிக்க விடுவதில்லை. கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் மாறி மாறி இழுக்கலாம். மணல் விலாங்கு மாதிரி மெலிசாகக் கட்டிய வெள்ளை கிளவுசர் (ஒரு வகைப் போலி இரை) அப்படி நிற்காமல் ஓடினால் பாஸ் துரத்தி வந்து அடிக்கும். விளிம்பில் 42 செ.மீ. அளந்து மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன். அதைத் தொடாத பாஸ் திரும்பத் தண்ணீருக்கு. என் மீன்களில் முக்கால்வாசி கோட்டைத் தொட்டதில்லை, அது கூடையின் குற்றமில்லை.

கூடை கட்டிய போட்டோவை அம்மாவுக்கு அனுப்பினேன். "பூ பறிக்கவா போற?" என்று பதில் வந்தது.

இனி ஓட்டைக்கு வருகிறேன். அடியில் நாலு ஓட்டை. மழைநீர் வடியட்டும் என்று வைத்தார்களாம். சரி, ஆனால் கழிமுகத்தில் தண்ணீர் மேலிருந்து மட்டுமா வருகிறது? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஏற்றத்தில் தொடையளவு நின்றவன் நாலு எறி எறிவதற்குள் இடுப்பளவில் நிற்பான். ஓட்டை வழியாக நீர் மேலே வந்து, கூடைக்குள் இருக்கும் லைன் அழகாக மிதந்து விளிம்பைத் தாண்டி வெளியே போய்விடும்.

போன செப்டம்பரில், இருட்டுகிற நேரம். எதிர்க்கரையில் ரயில் போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இழுத்தபோது ஒரு கடல் ட்ரவுட் கடித்தது. மூன்று பவுண்டாவது இருக்கும், முழுசாகத் தண்ணீருக்கு மேலே எழும்பிக் காட்டியது. அதற்காகத் தனி லைசென்ஸ் எடுக்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஓட விட்டேன். லைன் சர்ரென்று போனது, போய், என் பெல்ட் பக்கிளில் ஒரு சுற்று சுற்றி நின்றது. அந்த மீனுக்கு வாய் மெத்து, ஒரு வெட்டு இழுப்பு போதும், முள் கழன்றுவிட்டது. கூடைக்குள் குனிந்து பார்த்தால் லைன் இல்லை, தண்ணீர்தான் இருந்தது.

மறுநாள் ஓட்டைகளை டேப்பால் அடைத்தேன். அன்றைக்கு மழை. இரண்டு லிட்டர் தண்ணீரை வயிற்றில் சுமந்துகொண்டு நின்றேன், கவிழ்த்தால் லைனும் சேர்ந்து கொட்டுகிறது. இப்போது ஒயின் பாட்டில் கார்க்கைச் செதுக்கி வைத்திருக்கிறேன், வானத்தைப் பார்த்துச் செருகுவதும் பிடுங்குவதுமாக. நாற்பது பவுண்டு கொடுத்த சாமானுக்கு இந்தச் சேவகம்.

பக்கத்தில் நிற்கும் பெரியவர் பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் தொட்டியில் கேபிள் டையை முள் மாதிரி நிறுத்தி, ரப்பர் கயிறு கட்டி வைத்திருக்கிறார். ஓட்டையே கிடையாது. மழை வந்தால் அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்.

அதனால் பாதி விலைக்கும் வாங்காதீர்கள், தொட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். என் கூடையை இரவல் மட்டும் கேட்காதீர்கள், சனிக்கிழமை பெரிய ஏற்றம், எனக்கு வேண்டும்.