ரெட்டிச்சாவடிக்குச் சேதி எந்த வழியில் வருகிறது? வாட்ஸ்அப், சுற்றறிக்கை, கூட்டம், ரெப்: ஓர் ஒப்பீடு

2023 தொடக்கத்தில் ஒன்பது மாதக் குழந்தையோடு ஒரு தாய் என் கிளினிக்குக்கு வந்தார். குழந்தைக்கு லேசான சளி, அவ்வளவுதான். கிளம்பும்போது கேட்டார்: "டாக்டரம்மா, நாளைக்கு ரெண்டு கையிலயும் ஊசி போடணும்னு நர்சம்மா சொன்னாங்க. ஒண்ணு தட்டம்மைக்கு, இன்னொண்ணு போலியோவுக்காம். போடலாமா?"

போலியோ ஊசி ஆறாவது வாரம், பதினான்காவது வாரம் என்று இரண்டு தவணைதான், அது முடிந்துவிட்டது, நர்ஸ் வேறு எதையோ சொல்லியிருப்பார் என்று அடித்துச் சொன்னேன். தப்பு என்னுடையது. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஒன்பதாம் மாதத்தில் மூன்றாவது தவணையும் அட்டவணையில் சேர்ந்திருந்தது. கிராம சுகாதார செவிலியருக்கு அது தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. நல்லவேளை, அந்தத் தாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

என் கிளினிக் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் ரெட்டிச்சாவடி. கொஞ்சம் வடக்கே போனால் முள்ளோடை, அதைத் தாண்டினால் வேறு அரசு. வருகிறவர்களில் பாதிப்பேர் பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்து ஆட்கள். இரண்டு சுகாதாரத் துறை, இரண்டு காப்பீட்டு நடைமுறை. நான் தனியார் என்பதால் இரண்டு துறையும் எனக்குக் கடிதம் போடுவதில்லை. அந்தப் போலியோ ஊசிக்குப் பிறகுதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். சிகிச்சை முறையிலோ அரசுத் திட்டத்திலோ ஒன்று மாறினால் அது என் மேஜை வரை எந்த வழியாக வருகிறது, வழியில் என்ன ஆகிறது? ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்பது மூன்று: சீக்கிரம் வருகிறதா, சரியாக வருகிறதா, பழையதை நிறுத்தச் சொல்கிறதா. மூன்றாவதில்தான் பெரும்பாலானவை தோற்கின்றன.

வாட்ஸ்அப்

வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை. 2025 அக்டோபர் 1, ஆயுத பூஜை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பின் விற்பனையைத் தமிழ்நாடு அரசு அன்றே நிறுத்தியது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துகொண்டிருந்த நேரம். பரிசோதித்த பேட்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். அடுத்த நாள் விஜயதசமி, காந்தி ஜெயந்தி, அலுவலகம் எதுவும் கிடையாது. இருந்தும் சேதி எங்கள் கைக்கு வந்துவிட்டது. எந்தச் சுற்றறிக்கையாலும் இது முடிந்திருக்காது.

அப்புறம் நடந்ததுதான் பிரச்சினை. அடுத்த மூன்று நாளில் எங்கள் டாக்டர்கள் குழுவில் ஏழெட்டு ஃபார்வர்ட். ஒன்றில் சம்பந்தமே இல்லாத வேறு பாட்டிலின் படம். இன்னொன்று 2022இல் காம்பியா நாட்டில் நடந்ததை நேற்று நடந்ததுபோல் சொன்னது. அக்டோபர் 3ஆம் தேதி மத்திய சுகாதார சேவைகள் இயக்ககம் ஓர் அறிவுரை வெளியிட்டது. இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்தே எழுத வேண்டாம், ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாக வேண்டாம் என்று அது சொன்னது. என்னைப் போன்றவர்கள் தினமும் செய்வதை மாற்றக்கூடிய வரி அதுதான். அது ஒரு பிடிஎஃப்பாக வந்தது. அதற்கு மேலே பிறந்தநாள் கேக், கீழே காலை வணக்கப் பூ. திறந்து பார்த்தீர்களா என்று பிறகு நான்கு பேரிடம் கேட்டேன். ஒருவர் பார்த்திருந்தார்.

இதே வழியில் எதிர்த்திசையிலும் சேதி ஓடும் என்பது 2017 பிப்ரவரியிலேயே நமக்குத் தெரியும். தட்டம்மை ரூபெல்லா முகாமின் முதல் கட்டம் தமிழ்நாடு, புதுச்சேரி உட்பட ஐந்து இடங்களில் தொடங்கியபோது, பெற்றோரைப் பயமுறுத்தியதும் வாட்ஸ்அப்தான். எச்சரிக்கை மணி அடிக்க இதுபோல் வேறு இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து ஒரு டோஸைத் தேட வேண்டுமென்றால், கட்டைவிரல் தேயும்வரை மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான்.

சுற்றறிக்கை

இது நேர் எதிர். தேதி உண்டு, கையெழுத்து உண்டு, நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் நிற்கும். பாம்புக்கடியைத் தமிழ்நாடு 2024 நவம்பரில் அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. தனியார் மருத்துவமனையும் தகவல் தர வேண்டும். இப்படி ஒரு கடமையை யாரோ ஃபார்வர்ட் செய்ததை வைத்துக்கொண்டு செய்ய முடியுமா? காகிதம்தான் வேண்டும்.

ஆனால் அந்தக் காகிதத்தின் உடம்பைப் பாருங்கள். 'பொருள்' நான்கு வரி, 'பார்வை' ஆறு கடித எண். பிறகு திட்டம் எப்போது தொடங்கியது, யார் தொடங்கிவைத்தார்கள் என்ற வரலாறு. மாறிய விஷயம் நான்காம் பக்கத்தில், ஒரு பத்தியின் நடுவில் ஒளிந்திருக்கும். அனுப்பியாயிற்று என்று காட்டத்தான் அது உதவும். எழுதுகிறவருக்கு அது போதும். ஓபியில் நூறு பேரை உட்காரவைத்திருக்கும் மெடிக்கல் ஆபீசருக்குப் போதாது. எங்களைப் போன்ற தனியாருக்கோ அது வருவதே இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019இல் தொடங்கிய சிகிச்சைப் படிமுறைத் தாள்களை இந்த இடத்தில் பாராட்ட வேண்டும். ஒரு நோய்க்கு ஓரிரு பக்கம், படம்போட்டு, எப்போது மேலே அனுப்ப வேண்டும் என்பதோடு. அச்செடுத்துச் சுவரில் ஒட்டலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறி, புதுச்சேரியில் ஒரு நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் கொட்டியது. அதன் பின்னாலேயே பெண்ணையாற்றில் வெள்ளம். கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. வெள்ளத்தில் இறங்கி வேலை பார்த்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்புக்கு டாக்சிசைக்ளின் வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம், பாம்புக்கடிக்கு இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனை எப்படி என்பதெல்லாம் டார்ச் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்துத்தான் படித்தேன்.

கூட்டம்

என்னோடு படித்தவர் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெடிக்கல் ஆபீசர். மாதாந்திர ரிவியூ மீட்டிங் பற்றி அவர் சொல்வது: காலையிலிருந்து எண்ணிக்கை. பிரசவம் எத்தனை, பிக்மி எனும் கர்ப்பிணிப் பதிவு எத்தனை, டெங்கு கொசுப்புழு எத்தனை வீட்டில். புதிய வழிகாட்டுதல் மாலை நாலரைக்கு வரும், எல்லோரும் பஸ் நேரம் பார்க்கும்போது. ஆனாலும் அந்த நாள் வீணில்லை என்கிறார். டீ குடிக்கும் பத்து நிமிடத்தில் பக்கத்து நிலையத்துக்காரர், "நாங்க இப்படித்தான் பண்றோம்" என்று சொல்வது மண்டையில் ஏறிவிடுகிறதாம். எங்கள் செவிலியருக்குப் போலியோ மூன்றாம் தவணை தெரிந்ததும் இப்படி ஒரு கூட்டத்தில்தான்.

தனியார் பக்கத்துக் கூட்டத்துக்குப் பெயர் சிஎம்இ, அதாவது டாக்டர்களுக்கான தொடர் மருத்துவக் கல்வி. ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரியில் ஒரு ஓட்டல், மதியச் சாப்பாடு. ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரம் கற்றிருக்க வேண்டும் என்பது 2002 விதிமுறை, அந்தக் கணக்குக்கு உதவும். பேச்சு பெரும்பாலும் இதயக் குழாயில் புதிதாக வந்த ஸ்டென்ட் பற்றி. நான் ஸ்டென்ட் வைப்பதில்லை. என்னிடம் வருவது சிரங்கு, சர்க்கரை, மழைக்காலத்தில் ஐந்து நாள் காய்ச்சலோடு வரும் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற பூச்சிக்கடிக் காய்ச்சல். சாப்பாடு நன்றாக இருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

இணையவழி வகுப்பும் உண்டு. நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா 2003இல் கல்லீரல் அழற்சிக்காகத் தொடங்கிய எக்கோ முறையில், நம் நோயாளியின் கதையை நாமே சொல்லி நிபுணரோடு விவாதிக்கலாம். நல்ல முறைதான். மாலை ஆறு மணிக்கு வைத்தால் மட்டும் எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள், அது ஓபி நேரம்.

ரெப்

மருந்துக் கம்பெனி ரெப்பைத் திட்டுவது சுலபம். ஆனால் சேதி சொல்லும் முறையை மட்டும் வைத்து மார்க் போட்டால் அவருக்குத்தான் முதலிடம். என் இடத்துக்கே வருகிறார், மூன்று நிமிடம் எடுத்துக்கொள்கிறார், ஒரே பக்கம், ஒரே விஷயம். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்து, "எழுதிப் பார்த்தீங்களா மேடம்?" என்று கேட்கிறார். எந்தச் சுற்றறிக்கை திரும்பி வந்து கேட்டிருக்கிறது? அன்பளிப்பு கூடாது என்று 2024இல் வந்த சந்தைப்படுத்தல் நெறிமுறை சொல்கிறது, சரி. என் குறை வேறு. இத்தனை ஆண்டில் ஒரு ரெப்கூட, "இதை நிறுத்திடுங்க" என்று சொன்னதில்லை. அவர் வேலை அது அல்ல.

அந்த முறையையே எடுத்துக்கொண்டு சேதியை மட்டும் மாற்றினால்? ஹார்வர்டில் ஜெர்ரி ஏவார்னும் ஸ்டீஃபன் சுமராயும் இதைச் செய்துபார்த்தார்கள், 1983இல் முடிவு வெளியானது. பயிற்சி பெற்ற பார்மசிஸ்ட்டுகள் ரெப்போலவே டாக்டர்களிடம் போய், தேவையில்லாமல் எழுதப்படும் சில மருந்துகளைப் பற்றிப் பேசினார்கள். இன்னொரு குழுவுக்கு அச்சிட்ட தாள் மட்டும் தபாலில் போனது. நேரில் பார்த்துப் பேசிய குழுவில் அந்த மருந்துகள் எழுதுவது 14 சதவீதம் குறைந்தது. தபால் குழுவில் சொல்லும்படியாக எதுவும் மாறவில்லை. பிறகு மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வுகள் இப்படிப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நேரில் போவதற்கும் கூட்டத்துக்கும் ஏறக்குறைய 5, 6 சதவீதப் புள்ளி முன்னேற்றம்தான் கிடைத்தது. பெரிய மாயம் ஒன்றும் இல்லை. ஆனால் மருந்து எழுதும் பழக்கத்தில், நேரில் போவது ஆய்வுக்கு ஆய்வு பெரிதாக மாறாமல் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தது.

நான் கணக்கில் வைக்காத போட்டியாளர் ஒருவர் உண்டு: பொருள், அதாவது கைக்கு வந்து சேரும் மருந்தே. 2016 ஏப்ரல் 25 அன்று நாடு முழுக்க மூவகைப் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தி இருவகைக்கு மாறினார்கள். பழைய குப்பிகளைத் தேடி எடுத்து அழித்தார்கள், குளிர்பெட்டியில் ஒன்றும் மிச்சமில்லையா என்று ஆள் வந்து பார்த்தது. யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. 2017இல் காசநோய் மருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதிலிருந்து தினசரிக்கு மாறியபோதும், மாத்திரைப் பட்டையே மாறி வந்துவிட்டது. பொருளோடு வரும் மாற்றம் நிற்கிறது. வெறும் சொல்லாக வரும் மாற்றம் வழுக்குகிறது. எனக்கு அரசிடமிருந்து பொருள் வருவதில்லை, அதனால்தான் வழுக்கினேன்.

பணம் சம்பந்தப்பட்ட மாற்றம் வேறு ஜாதி. அது நோயாளிக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பரில் 1000 ஆனதை எனக்குச் சொன்னது ஒரு நோயாளி. எழுபது வயது தாண்டியவர்களுக்கு ஆயுஷ்மான் அட்டை என்று முந்தைய மாதம் அறிவித்ததும், பாகூர்ப் பெரியவர் ஒருவர் வந்து, "எனக்குக் கிடைக்குமாம்மா?" என்றார். பேப்பரில் வந்த அளவுதான் எனக்கும் தெரியும். அவரை எந்த வாசலுக்கு அனுப்புவது? மருந்து மாறினால் சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள், வாசல் மாறினால் சொல்ல ஒருவரும் இல்லை.

ஆக என் தேர்வு: ஆபத்துச் சேதிக்கு வாட்ஸ்அப், ஆனால் அதிகாரி மட்டும் எழுதும், யாரும் பதில் போட முடியாத தனிக் குழு. டோஸுக்குச் சுவர்த்தாள், மேலே கொட்டை எழுத்தில் தேதி, முதல் வரியிலேயே 'நிறுத்த வேண்டியது'. கடமைக்குச் சுற்றறிக்கை, தனியாருக்கும் ஒரு படி. ஒன்றுக்கு மட்டும்தான் காசு இருக்கிறது என்றால், நேரில் வரும் ஆள். அதற்குப் புதிதாக ஆள் எடுக்கவும் வேண்டாம். காசநோயைத் தனியார் டாக்டரும் அறிவிக்க வேண்டும் என்று 2012இல் ஆணை வந்ததிலிருந்து, சிகிச்சை மேற்பார்வையாளர் தம்பி ஒருவர் பைக்கில் என் கிளினிக்குக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார். நிக்ஷய் எனும் காசநோய் இணையப் பதிவை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அவர் பையில் மாதம் ஒரு தாள் கூடுதலாக இருந்தால் போதும்.

அது நடக்கும்வரை நானே ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். அந்தக் கிராம சுகாதார செவிலியரிடம் போய், போலியோ ஊசி விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, மாதம் ஒருமுறை ரிவியூ முடிந்து போகும் வழியில் எட்டிப்பார்க்கிறேன் என்றார். 2025 மே மாதம் வந்தபோது டீயைக் கையில் வைத்துக்கொண்டே என் சுவர்த்தாளை மேலிருந்து கீழாகப் படித்தார். தொழுநோய் வரியில் நின்றார். தேமல் குறைவாக உள்ளவர்களுக்கு இரண்டு மருந்து, ஆறு மாதம் என்று எழுதியிருந்தேன்.

"டாக்டரம்மா, ஏப்ரல்ல இருந்து அவங்களுக்கும் மூணு மருந்து" என்று சொல்லி, என் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து இரண்டை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார். பக்கத்தில் தேதியும் போட்டார்.