தேய்க்க வேண்டிய துணி எது, வேண்டாதது எது: டெல்டா வீட்டில் இஸ்திரிப் பெட்டி

வாரத் துணியை மொத்தமாகக் கொட்டிப் பார்த்தால், சூடு வைத்துத்தான் தீரவேண்டும் என்று சொல்லத்தக்கவை கொஞ்சம்தான்: பருத்திச் சட்டை, வேட்டி, பள்ளிச் சீருடை, வெளியே கட்டிப்போகும் காட்டன் புடவை. மற்றதெல்லாம் கொடியில் ஒழுங்காகப் போட்டாலே முடிந்துவிடும். கைலி, நைட்டி, உள்பாவாடை, போர்வை, தலையணை உறை ஆகியவற்றைத் தேய்ப்பது மின்சாரத்துக்கும் முதுகுக்கும் கேடு. துண்டைத் தேய்க்கவே கூடாது. அதன் நூல் வளையங்கள் நசுங்கித் தண்ணீர் உறிஞ்சும் குணம் குறைந்துபோகும். உள்ளாடையில் எலாஸ்டிக் தளரும், டி-ஷர்ட்டில் அச்சிட்ட படம் பெட்டியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பருத்தி ஏன் கசங்குகிறது என்று தெரிந்தால் பாதி வேலை குறையும். நனைந்த பருத்தி இழை இளகியிருக்கும். எந்த வடிவத்தில் உலர்கிறதோ அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். வாஷிங் மெஷினில் சுழற்சி முடிந்தும் எடுக்காமல் ஒரு மணி நேரம் விட்டால் அந்தக் கசங்கல் அப்படியே தங்கும். துண்டுக்கு 1000 சுற்று ஸ்பின் சரி, சட்டைக்கு 400 முதல் 600 போதும். கொஞ்சம் ஈரம் கூடுதலாக இருந்தால் அந்த எடையே துணியை இழுத்து நேராக்கும். எடுத்ததும் நான்கைந்து முறை பலமாக உதறி, சட்டையை ஹேங்கரில் மாட்டி, மேல் பட்டனைப் போட்டு, காலரையும் பட்டன் பட்டியையும் விரலால் நீவி இழுத்துவிட வேண்டும். தோளில் கிளிப்பு போடக் கூடாது. அந்தத் தடம் பெட்டி வைத்தாலும் லேசில் போகாது.

நான்கு முழ வேட்டிக்கு இரண்டு பேர் வேண்டும். தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரிகிற பதத்தில் எடுத்து, நான்கு முனையையும் பிடித்து முதலில் குறுக்காகவும் பிறகு நீளவாக்கிலும் இழுத்து, கரை மேல் கரை படியும்படி மடித்து, மெத்தைக்கு அடியில் ஒரு இரவு வைத்தால் வீட்டுக்கும் கோயிலுக்கும் கட்டும் அளவுக்குப் படிந்துவிடும். இது பங்குனி, சித்திரை வெயிலில்தான் நடக்கும். மழைக்காலத்தில் அப்படி வைத்தால் பூஞ்சைப் புள்ளி விழும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கணக்கே வேறு. மூன்று நாள் கொடியில் கிடந்தும் முக்கால் உலர்ச்சியில் நிற்கும் துணியைப் பெட்டி காப்பாற்றும். குழந்தைத் துணிக்கு அந்த நாட்களில் இஸ்திரி அவசியம். ஆனால் தேய்த்த சூட்டோடு மடித்து அலமாரியில் வைப்பதுதான் பெரும்பாலும் நடக்கிற தவறு. மேல் பரப்பு காய்ந்திருக்கும், தையல் ஓரத்திலும் இடுப்புப் பட்டியிலும் ஈரம் நிற்கும், மறுநாள் ஈரவாடை அடிக்கும். தேய்த்தபின் இருபது நிமிடமாவது விசிறிக்குக் கீழே தொங்கவிட வேண்டும்.

கஞ்சி போடுவதும் வெயில் மாதத்து வேலைதான். இரண்டு டேபிள்ஸ்பூன் ஜவ்வரிசியை ஒரு லிட்டர் தண்ணீரில் கண்ணாடி போலத் தெளியும்வரை காய்ச்சி, துணியில் வடிகட்டி, அரை வாளித் தண்ணீரில் கலந்தால் எட்டு முழ வேட்டி இரண்டுக்கு ஆகும். வடிகட்டாமல் விட்டால் கட்டி ஒட்டிய இடமெல்லாம் பெட்டி பட்டுப் பழுப்பாகும். பரணில் வைக்கப்போகும் துணிக்குக் கஞ்சி வேண்டவே வேண்டாம், ராமபாணப் பூச்சிக்கு அதுதான் தீனி.

சீருடை பெரும்பாலும் டெரிகாட்டன், அதாவது பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துணி. பருத்திக்குரிய சூட்டில் வைத்தால் கருநீலப் பேன்ட்டில் பளபளப்புத் தடம் விழும், அது பிறகு போகாது. உள்புறம் திருப்பி, நடுச் சூட்டில் தேய்க்க வேண்டும். பினஃபோரின் மடிப்புகளை உலர்த்தும்போதே கீழ் ஓரத்தில் கிளிப்பு போட்டுப் பிடித்துவிட்டால், தேய்க்கும்போது ஒவ்வொன்றாகத் தேடி மடிக்க வேண்டாம். துணி லேபிளில் பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் 110 டிகிரி, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. கலப்புத் துணியில் எப்போதும் சூடு குறைவாகத் தாங்கும் இழைக்கு ஏற்ற சூடுதான். பட்டும் பருத்தியும் சேர்ந்த கூறைநாட்டுப் புடவைக்கு அதனால் பட்டுச் சூடே வைக்க வேண்டும். பட்டில் தண்ணீர் தெளிக்கக் கூடாது, திட்டு விழும். ஜரிகைப் பக்கம் கீழே இருக்க, மேலே மெல்லிய காடாத் துணி விரித்துத்தான் பெட்டி. திருபுவனம் பட்டு விசிறி மடிப்பில் அழகாக வரும். அதே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் வைத்தால் மடிப்புக் கோட்டில் ஜரிகை ஒடியும், அதனால் சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிவிடுங்கள்.

சட்டைக்கு வரிசை முக்கியம். லேசான ஈரத்தில் காலரின் உள்பக்கத்தை முனையிலிருந்து நடுவுக்குத் தேய்க்க வேண்டும். நடுவிலிருந்து முனைக்குப் போனால் துணி தள்ளப்பட்டு முனையில் சுருக்கம் சேரும். பிறகு கைப்பட்டி, கை, தோள்பட்டை, கடைசியாக உடல். முன்னால் தேய்த்ததைப் பின்னால் கசக்காமல் இருக்க இதுவே வழி.

பெட்டியைப் பொறுத்தவரை, இந்தப் பக்கத்து வீடுகளுக்கு 1000 வாட் சாதாரணப் பெட்டியும் ஒரு தெளிப்பானும் போதும் என்பது நீண்ட காலம் இரண்டு வகையையும் பயன்படுத்தியதில் உறுதிப்பட்ட முடிவு. அது நான்கரை ஆம்பியருக்குள் அடங்கும், சின்ன பிளக்கிலேயே ஓடும். 2000 வாட்டைத் தாண்டும் நீராவிப் பெட்டிக்கு 16 ஆம்பியர் பிளக் தேவை. அதைவிடப் பெரிய தொல்லை தண்ணீர். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்பான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் துளைகள் அடைத்து, கறுப்புச் சட்டையில் வெள்ளைத் துகளைத் துப்பும். நீராவிதான் வேண்டும் என்றால் ஆர்ஓ தண்ணீர் ஊற்றி, வேலை முடிந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். எதுவானாலும் முதலில் பழுதாவது கழுத்தருகே உள்ள வயர். சூடான பெட்டியைச் சுற்றி வயரைச் சுற்றிவைப்பதே காரணம். அடித்தகட்டில் கஞ்சி கருகிப் பிடித்தால், ஆறியபின் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி ஈரத்துணியால் துடைக்கலாம். நான்-ஸ்டிக் பூச்சில் கம்பி நார் பட்டால் பூச்சு போய்விடும்.

எட்டு முழ வேட்டியையும் கஞ்சி போட்ட காட்டன் புடவையையும் வீட்டில் மல்லுக்கட்டாமல் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கொடுப்பதே மேல். ஒரு கிலோ சொச்சம் உள்ள வீட்டுப் பெட்டியால் அவருடைய கனத்த கரிப்பெட்டியின் அழுத்தத்தைத் தர முடியாது. முகூர்த்த மாதங்களில் அவரிடம் துணி குவியும், இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். ஜரிகைக் கரை இருந்தால் வாயால் சொல்லியே கொடுங்கள்.