வேலூர் சத்துவாச்சாரியில் கடல் தொட்டி: நாலரை வருடத் தண்ணீர்க் கணக்கு

எங்கள் வீட்டு போர் தண்ணீரில், கரைந்துள்ள உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரை முதன்முதலில் நனைத்தபோது 1150 காட்டியது. குக்கருக்குள் வெள்ளையாகப் படியும் உப்பைச் சுரண்டியே பழகிய ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. அந்தத் தண்ணீரை நம்பித்தான் கடல் உயிர்கள் வளர்க்க நாலடி நீளக் கடல் தொட்டி வைக்க இறங்கினேன். தொட்டியும் கீழே உள்ள ஃபில்டர் பெட்டியும் சேர்த்து 220 லிட்டர். வாரம் 20 லிட்டர் மாற்றுகிறேன். கோடையில் ஆவியாகிற அளவுக்கு ஈடாக தினமும் 4 லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஆக வாரத்துக்கு 48 லிட்டர் சுத்த நீர் தேவை.

ஆரம்பத்தில் இரண்டு மாதம் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். குடிப்பதற்கு நல்ல தண்ணீர்தான், ஆனால் மீட்டரில் 60 காட்டும். மூன்றாவது வாரமே மணல் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு பாசிப் படலம் வந்துவிட்டது. விரலால் தொட்டால் மாவு போல் கலைந்து, மறுநாள் திரும்பப் படியும். ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது, அதில் கரைந்திருப்பது தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. தினமும் 4 லிட்டர் என்றால், கொஞ்சமாக இருக்கும் நைட்ரேட்டும் சிலிக்காவும்கூட சேர்ந்துகொண்டே போகும், அந்தப் பாசிக்கு அவைதான் தீனி.

அப்புறம்தான் ஆர்ஓவும் அதன் பின்னால் டிஐ ரெசினும் (மிஞ்சிய உப்பை உறிஞ்சும் சின்ன மணிகள்) சேர்ந்த செட் போட்டேன். வீட்டுக்கு வாங்குகிற ஆர்ஓ இதற்கு அப்படியே உதவாது. ருசிக்காக அதில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடும் டிடிஎஸ் கன்ட்ரோலரும் மினரல் கேண்டிலும் இருக்கும். எனக்குப் பொருத்திக் கொடுத்தவர் அதைக் கழற்றாமலே போய்விட்டார். பத்து நாளில் ரெசின் தீர்ந்தபோதுதான் கண்டுபிடித்தேன்.

ரெசினின் ஆயுள் முழுக்க, ஆர்ஓவுக்குள் உப்பைத் தடுக்கும் சவ்வான மெம்பிரேன் தரும் தண்ணீரில்தான் இருக்கிறது. நல்ல மெம்பிரேன் உப்பில் 96 சதவீதத்தைத் தள்ளும். 1150-இல் மீதி 46 வரும், அந்த 46-ஐ ரெசின்தான் உறிஞ்ச வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. பதினான்காவது மாதம் மெம்பிரேனும் சுண்ணாம்பு பிடித்து முடிந்துபோனது. பிறகு மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீருக்கு மாறினேன். எங்கள் குழாயில் அது 230-இலிருந்து 260 வரை இருக்கும், மெம்பிரேன் தாண்டி 9 அல்லது 10 வரும். இப்போது அதே ஒரு லிட்டர் ரெசின் எட்டு மாதம் வருகிறது, இரண்டாவது மெம்பிரேன் மூன்று வருடம் தாண்டி ஓடுகிறது. காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது மெம்பிரேனை அரித்துவிடும் என்பதால் கார்பன் கேண்டிலை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் மாற்றுகிறேன். குழாயில் தண்ணீர் வராத நாளில் வேறு வழியின்றி போர் தண்ணீர் ஓடும். அப்படி ஓடிய மாதங்களில் ரெசின் நிறம் சீக்கிரம் ஏறிவிடுகிறது.

கரும்பச்சையாக இருக்கும் ரெசின் தீரத் தீர கீழிருந்து தேன் நிறமாக மாறும். அந்தக் கோடு குழாயில் மெல்ல மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரியும். மீட்டர் 0 காட்டுகிறதே, இன்னும் ஓட்டலாம் என்று முதல் வருடம் விட்டுவிட்டேன். அது தவறு. தீர்ந்துவரும் ரெசின் முதலில் கைவிடுவது சிலிக்காவைத்தான், அது மீட்டரில் சரியாகத் தெரியாது. நம் பக்கம் பாறைப் பூமி, நிலத்தடி நீரில் சிலிக்காவுக்குப் பஞ்சமில்லை. மணலில் அந்தப் பழுப்புப் படலம் மறுபடி வந்தபோது மீட்டரில் 1தான் இருந்தது. இப்போது குழாயின் மேல் கால்வாசி பச்சையாக இருக்கும்போதே மாற்றிவிடுகிறேன்.

இன்னொன்று, முதல் ஐந்து நிமிடத் தண்ணீர். ராத்திரி முழுக்க நின்ற செட்டில் உப்பு மெம்பிரேனைத் தாண்டி மெல்லக் கசிந்திருக்கும். காலையில் ஆன் செய்ததும் 90, 95 என்று வரும், நாலைந்து நிமிடத்தில் 9-க்கு இறங்கும். ரெசினுக்கு முன்னால் ஒரு சின்ன வால்வு வைத்து, அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துவிடுகிறேன். ரெசின் ஆயுளுக்கு இந்த வால்வு செய்த உபகாரம் பெரிது. சிறிது சிறிதாக அடிக்கடி ஓட்டாமல், வாரத்துக்கு இரண்டு தடவை 25 லிட்டராக எடுப்பதும் இதற்காகத்தான்.

நேரமும் முக்கியம். கத்திரி வெயிலில் மாடி டேங்க் தண்ணீர் கையை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். சூடு ஏறினால் மெம்பிரேன் தண்ணீரை வேகமாகத் தரும், கூடவே உப்பையும் அதிகமாக விட்டுவிடும். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் விடியற்காலை 5 மணிக்கு, தரைக்குள் இருக்கும் சம்ப்பிலிருந்து நேரடியாக எடுக்கிறேன்.

கலப்பது எளிது. மூடியிட்ட உணவு தர டிரம்மில் 20 லிட்டர் நீரை முதலில் நிரப்பி, சின்ன மோட்டாரைச் சுழலவிட்டு, கடல் தொட்டிக்கான உப்புக் கலவையை 750 கிராம் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவேன். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் அடியில் சுண்ணாம்பு கட்டிவிடும். தண்ணீர் அதிகச் சூடாக இருந்தாலும் இதே கதை, பால் போலக் கலங்கி மோட்டாரில் வெள்ளை ஒட்டும். ஒரு நாள் சுழன்ற பிறகு உப்பின் அடர்த்தி பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.026 வந்தால் ஊற்றலாம். அந்த மீட்டரையும் மாதம் ஒரு முறை 35 பிபிடி (லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு) கரைசல் வைத்துச் சரிபார்க்க வேண்டும், வெறும் தண்ணீரில் 0 வைத்தால் போதாது. சுத்த நீர் போகும் பாதையில் பித்தளை இணைப்பு வேண்டாம், அதிலுள்ள செம்பு இறால்களுக்கும் கோரலுக்கும் (பவளத்துக்கும்) விஷம்.

கழிவு நீர்தான் எனக்கு நெடுநாள் வருத்தம். ஒரு லிட்டர் எடுக்க மூன்று லிட்டர் வெளியே போகிறது. போர் தண்ணீர் ஓடிய காலத்தில் அந்தக் கழிவு 1500 காட்டும். தெரியாமல் மல்லிச் செடிக்கு விட்டு, இலை ஓரமெல்லாம் கருகிப்போனது. காவிரித் தண்ணீரின் கழிவு 350-ஐத் தாண்டுவதில்லை. வாசல் கழுவவும் துணி அலசவும் வீட்டில் அதையே எடுக்கிறார்கள், மல்லியும் இப்போது அதைத்தான் குடிக்கிறது.