தகரக் கூரையின் கீழ் ஒரு நடு ஸ்பீக்கர்

எங்கள் ஹட்டன் வீட்டுக்குத் தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் படத்தில் குண்டு வெடிப்பது கேட்கும், கதாநாயகன் பேசுவது கேட்காது. ஐந்து ஸ்பீக்கரும் அடித்தொனிக்கென ஒரு தனிப் பெட்டியும் கொண்ட 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. ஸ்பீக்கர் செட்டோடு வந்ததோ அரை இறாத்தல் பாண் அளவுதான். நானே ஒன்று செய்தேன். மூன்று மாதம் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

முதலில் தாத்தா காலத்துத் தேயிலைப் பெட்டியின் பலகையில் செய்து பார்த்தேன். ஆண்குரல் தாழும்போதெல்லாம் மெல்லிய பலகையும் சேர்ந்து உறுமியது. அடுத்தது 18 மில்லிமீற்றர் எம்டிஎஃப், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. வெட்டித் தந்த தச்சுப் பாஸின் கை நேரான கை. தாழ்ந்த ஒலிக்கான வூஃபரின் துளை மட்டும் ஒரு நூல் கூடிப்போனது, ரப்பர் பட்டி வைத்துச் சமாளித்தேன். இங்குள்ள ஈரத்துக்கு எம்டிஎஃப் ஊதிவிடும். ஆகவே வெட்டிய விளிம்புகளில் மரப்பசையைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, காய்ந்ததும் பெயின்ட் அடித்தேன். உள்ளே பழைய தலையணைப் பஞ்சு.

இரண்டு 4 ஓம் வூஃபர், நடுவே உயர்ந்த ஒலிக்கு 8 ஓம் ட்வீட்டர். எல்லாம் புறக்கோட்டையில் வாங்கியவை. வூஃபர்களைத் தொடராக இணைத்தால் 8 ஓம். சமாந்தரமாக இணைத்தால் 2 ஓம்; தடை அவ்வளவு குறைந்தால் மின்னோட்டம் கூடிவிடும், ஆம்ப்ளிஃபயர் பாவம். ட்வீட்டருக்கு முன் 6.8 மைக்ரோஃபாரட் கொள்ளளவி. சுமார் 3,000 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதை அது தணிக்கிறது. வூஃபர்களுக்கு உயர்ந்த ஒலியைத் தணிக்க ஒரு கம்பிச் சுருள்.

முதல் இரவு குரலில் சதையே இல்லை. மூடியைக் கழற்றி, ஒன்றரை வோல்ட் பற்றரியை வூஃபர் கம்பிகளில் ஒரு கணம் தொட்டேன். இடது கூம்பு வெளியே தள்ளியது, வலது கூம்பு உள்ளே இழுத்தது. ஒன்றின் அழுத்தத்தை மற்றது தின்றுகொண்டிருந்திருக்கிறது! வலதின் கம்பிகளை மாற்றிப் பற்றவைத்ததும் குரலுக்கு நெஞ்சு வந்தது.

செலவு சுமார் 14,000 ரூபாய். சாதாரண மழையில் வசனம் தெளிவாகக் கேட்கிறது. ஆனி மாத அடைமழைக்கு எந்த ஸ்பீக்கரும் ஈடில்லை. குறை ஒன்றுண்டு. வூஃபர்கள் பக்கத்துக்கொன்றாக இருப்பதால், ஓரத்தில் அமர்பவருக்கு இரண்டின் ஒலியும் முன்பின்னாக வந்து சேர்ந்து, சில எழுத்துகள் மங்குகின்றன. அந்த ஓர நாற்காலி அப்பாவுடையது. ஜன்னலை விட்டு நகரமாட்டேன் என்கிறார்.